முதல் ஃபோம் போர்டு விமானம்: எதைக் கட்டுவது?

ரிமோட்டில் பறக்கும் விமானத்தைத் தன் கையாலேயே கட்ட வேண்டும் என்று ஆசைப்படுகிறவருக்கு முதலில் வரும் சிக்கல் கத்தியும் பசையும் இல்லை. எதைக் கட்டுவது என்பதுதான். தேடினால் இலவச வரைபடங்கள் நூற்றுக்கணக்கில் கிடைக்கின்றன: இரண்டாம் உலகப் போர்க் காலத்துச் சண்டை விமானங்கள், ஜெட்டுகள், வாலே இல்லாத பறக்கும் இறக்கைகள், சாதுவான பயிற்சி விமானங்கள். படத்தில் எது மிடுக்காக நிற்கிறதோ அதையே மனம் தேர்ந்தெடுக்கும். நானும் முதலில் ஒரு சண்டை விமானத்தைத்தான் கட்டினேன். இரண்டு வாரம் பார்த்துப் பார்த்து ஒட்டி, வண்ணம் தீட்டி, மைதானத்துக்குக் கொண்டுபோனேன். கையை விட்டுக் கிளம்பியதும் இடது இறக்கை சரிந்தது. நான் ஸ்டிக்கை அசைப்பதற்குள் மூக்கு மண்ணில் குத்தி நின்றது.

அந்த விமானத்தில் குறை ஒன்றுமில்லை என்பது பிறகுதான் புரிந்தது. பழகிய கைக்கு அது நன்றாகவே பறந்திருக்கும். கற்றுக்கொள்ளும் கைக்கு வேறு மாதிரி விமானம் வேண்டும்: மெதுவாகப் பறக்க வேண்டும், நாம் தடுமாறும்போது தானாகக் கொஞ்சம் நிமிர வேண்டும், உடைந்தால் ஒரே மாலையில் திரும்பக் கட்ட முடிய வேண்டும். எந்த வரைபடத்தைப் பார்த்தாலும் இவற்றை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

அட்டை என்ன செய்யும், என்ன செய்யாது

ஃபோம் போர்டு என்பது நடுவில் பாலிஸ்டைரீன் நுரை, இரு பக்கமும் ஒட்டிய காகிதம். மொத்தத் தடிமன் சுமார் 5 மில்லிமீட்டர். நுரை தனியாக இருந்தால் சட்டென்று ஒடியும், காகிதம் தனியாக இருந்தால் துவளும். இரண்டும் ஒட்டியிருக்கும்போது நுரை இரு காகிதங்களையும் விலக்கிப் பிடிக்கிறது, காகிதங்கள் இழுவிசையைத் தாங்குகின்றன. எடையோடு ஒப்பிட்டால் வியக்கத்தக்க விறைப்பு அதிலிருந்து வருகிறது.

இந்த அட்டைக்கு மடிவது சுலபம். மேல் காகிதத்தையும் நுரையையும் கீறி, அடிக் காகிதத்தை மட்டும் விட்டுவைத்தால் அதுவே கீல் ஆகிவிடும். வாலில் அசையும் பாகங்களுக்கு வேறு கீலே தேவையில்லை. ஒரு பக்கக் காகிதத்தை உரித்துவிட்டால் அட்டை வளைந்தும் கொடுக்கும். ஆனால் இரண்டு திசையில் ஒரே நேரத்தில் வளைவது, அதாவது முட்டை போல உருள்வது, அதற்கு வராது. அதனால் உருண்டையான உடல் கொண்ட விமானங்களின் வரைபடங்களில் துண்டுகள் பெருகிவிடும். முதல் விமானத்துக்குப் பெட்டி போன்ற உடலும் நேர் விளிம்பு இறக்கையும்தான் சரி. படத்தில் தட்டையாக, எளிமையாகத் தெரிகிறதே என்று அவற்றை ஒதுக்காதீர்கள்.

வாங்கும் அட்டையை எடை போட்டுப் பார்ப்பது நல்லது. பல வரைபடங்கள் 508 × 762 மி.மீ. அளவுத் தாளை மனத்தில் வைத்து வரையப்பட்டவை. அந்த அளவில் லேசான ரகம் ஏறக்குறைய 115 கிராம்தான் இருக்கும். கெட்டியான காகிதம் ஒட்டிய ரகம் ஒன்றரை மடங்குக்கும் மேல் போகும். தொட்டுப் பார்த்தால் அந்தக் கெட்டி ரகம்தான் உறுதியாகத் தோன்றும். ஆனால் விமானத்துக்கு அது பாரம்.

எல்லாவற்றுக்கும் முதலில்: எவ்வளவு மெதுவாக?

ஒரு விமானம் எவ்வளவு மெதுவாகப் பறக்க முடியும் என்பதை ஒரே ஒரு வகுத்தலில் மதிப்பிடலாம். விமானத்தின் மொத்த எடையை இறக்கையின் பரப்பால் வகுக்க வேண்டும். இதற்கு இறக்கைச் சுமை என்று பெயர். இந்தப் பொழுதுபோக்கில் இருப்பவர்கள் இதைச் சதுர டெசிமீட்டருக்கு இத்தனை கிராம் என்று சொல்வார்கள். ஒரு டெசிமீட்டர் என்பது 10 செ.மீ.

ஓர் உதாரணம். இறக்கையின் நீளம் நுனியிலிருந்து நுனிக்கு 100 செ.மீ., அகலம் 18 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். பரப்பு 1800 சதுர செ.மீ., அதாவது 18 சதுர டெசிமீட்டர். பேட்டரியோடு சேர்த்து எடை 450 கிராம் என்றால், 450 ÷ 18 = 25. இது நல்ல எண். முதல் விமானத்துக்கு இந்த எண் 20-க்கும் 30-க்கும் இடையில் இருக்கட்டும். 35-ஐத் தாண்டினால் வேறு வரைபடம் தேடுங்கள்.

ஏன் இவ்வளவு பிடிவாதம்? எந்த இறக்கைக்கும் ஒரு குறைந்தபட்ச வேகம் உண்டு. அதற்குக் கீழே போனால் காற்று இறக்கையின் மேற்பரப்பைப் பற்றிக்கொண்டு ஓடுவதை விட்டுவிடும், தூக்கும் விசை சரிந்துவிடும். இதைத்தான் ஸ்டால் என்கிறோம். நம் உதாரண விமானத்துக்குக் கணக்குப் போட்டால் அந்த வேகம் மணிக்கு ஏறக்குறைய 23 கி.மீ. வரும். வேகமாக ஓடும் ஒருவரின் வேகம். இப்போது அதே இறக்கையில் எடையை இரட்டிப்பாக்கி 900 கிராம் ஆக்குங்கள். ஸ்டால் வேகம் இரட்டிப்பாகாது, 1.4 மடங்குதான் கூடும், மணிக்கு 33 கி.மீ. அளவுக்கு. கேட்க அவ்வளவு மோசமில்லை போலத் தோன்றும். ஆனால் மோதலின் ஆற்றல் எடையோடும் வேகத்தின் வர்க்கத்தோடும் பெருகுகிறது. எடை இரண்டு மடங்கு, வேகத்தின் வர்க்கம் இரண்டு மடங்கு, ஆக மொத்தம் நான்கு மடங்கு அடி. அதே புல்தரையில் லேசான விமானம் மூக்கு நசுங்கி எழும், கனமான விமானம் துண்டு துண்டாகும்.

அடியைவிட முக்கியமானது நேரம். புதிதாகப் பறக்கவிடுபவருக்கு விமானம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று கண் பார்த்து, மூளை புரிந்து, விரல் அசைய ஒரு வினாடிக்கு மேலேயே ஆகும். மெதுவான விமானம் அந்த ஒரு வினாடியை நமக்குத் தருகிறது. நான் கட்டிய சண்டை விமானம் தரவில்லை.

அளவு பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம். சின்னதாகக் கட்டினால் சுலபம், பாதுகாப்பு என்று பலர் 50, 60 செ.மீ. இறக்கையைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அட்டை சிறியதாகும், உண்மைதான். மோட்டாரும், வாலின் பாகங்களை அசைக்கும் குட்டி மோட்டாரான சர்வோவும், பேட்டரியும் அதே விகிதத்தில் சிறியதாவதில்லை. 60 செ.மீ. நீளம், 12 செ.மீ. அகல இறக்கையில் 300 கிராம் ஏற்றினால் இறக்கைச் சுமை 42-ஐ எட்டும். காற்றின் சின்ன உதறலுக்கும் அது ஆடும், 50 மீட்டர் தூரம் போனாலே எந்தப் பக்கம் பார்த்துப் பறக்கிறது என்று கண்ணுக்குப் பிடிபடாது. மறுபக்கம், ஒன்றரை மீட்டருக்கு மேல் போனால் 5 மி.மீ. அட்டைக்குள் பலமான குறுக்குச் சட்டம் வேண்டும், கொண்டுபோகவும் இடைஞ்சல். 90-லிருந்து 110 செ.மீ. வரை என்பது நல்ல அளவு.

தானாக நிமிரும் இறக்கை

முன்னாலிருந்து பார்க்கும்போது இரண்டு இறக்கைகளும் நுனியை நோக்கி மேலே ஏறியிருக்கும் விமானங்களைக் கவனித்திருப்பீர்கள். தோள்களிலிருந்து இரு கைகளையும் சற்றே உயர்த்தி விரித்தது போல. இந்த ஏற்றத்துக்கு டைஹீட்ரல் என்று பெயர். முதல் விமானத்தில் இது கட்டாயம் இருக்க வேண்டும் என்பேன்.

அது வேலை செய்யும் விதம் அழகானது. விமானம் இடப்பக்கம் சாய்கிறது என்று வைத்துக்கொள்வோம். சாய்ந்ததும் அந்தப் பக்கமாக நழுவத் தொடங்கும். நழுவும்போது இடப்பக்கத்திலிருந்து காற்று வந்து மோதும். நுனி உயர்ந்திருப்பதால் இடது இறக்கையின் அடிப்பாகத்தில் அந்தக் காற்று கூடுதலான கோணத்தில் படும், வலது இறக்கையில் குறைவான கோணத்தில் படும். இடது பக்கம் அதிகமாகத் தூக்கப்பட்டு விமானம் நிமிரும். நாம் எதுவும் செய்ய வேண்டியதில்லை. பதற்றத்தில் ஸ்டிக்கை விட்டுவிட்டாலே பல நேரம் விமானம் தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்ளும்.

இறக்கை உடலுக்கு மேலே பொருத்தப்பட்டிருந்தால் இந்தக் குணம் இன்னும் கொஞ்சம் கூடும். பக்கவாட்டில் வரும் காற்று உடலில் மோதி, வந்த பக்கத்தில் மேலே திரும்பி, இறக்கையின் அடியைத் தள்ளுகிறது. கீழ் இறக்கை விமானத்தில் இது நேர்மாறாக நடக்கும். நடைமுறையில் இன்னொரு லாபமும் இருக்கிறது: தரையிறங்கும்போது மேல் இறக்கை புல்லிலும் கல்லிலும் உரசாது.

எவ்வளவு ஏற்றம் வேண்டும்? ரட்டரால், அதாவது செங்குத்து வாலில் இட வலமாக அசையும் பாகத்தால், மட்டும் திரும்பும் விமானத்துக்கு ஒவ்வொரு பக்கமும் ஏறக்குறைய 6 பாகை இருந்தால் நன்றாக இருக்கும். அளப்பது சுலபம். 100 செ.மீ. இறக்கையின் ஒரு பாதியை மேசையில் படிய வையுங்கள். மறு பாதியின் நுனி மேசையிலிருந்து ஏறக்குறைய 10 செ.மீ. உயரத்தில் நிற்க வேண்டும். பசை இறுகும்வரை அந்த நுனிக்குக் கீழே புத்தகங்களை அடுக்கி வைத்தால் போதும்.

மூன்று சேனலா, நான்கா?

சேனல் என்றால் ரிமோட்டிலிருந்து தனித்தனியாகக் கட்டுப்படுத்தும் வேலைகளின் எண்ணிக்கை. மூன்று சேனலில் மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டில், மூக்கை ஏற்றி இறக்கும் எலிவேட்டர், மூக்கை இட வலமாகத் திருப்பும் ரட்டர். நான்காவது சேனல், இறக்கையிலேயே அசைந்து விமானத்தைப் புரட்டும் ஐலரான்.

ஐலரான் இல்லாமல் எப்படித் திரும்பும் என்ற சந்தேகம் வரலாம். அதற்கும் டைஹீட்ரல்தான் பதில். ரட்டர் மூக்கை இடப்பக்கம் தள்ளினால் வலது இறக்கை சற்று முன்னே வரும். ஏறியிருக்கும் அந்த இறக்கையில் காற்று கூடுதல் கோணத்தில் படும், அது உயரும், விமானம் இடப்பக்கம் சாய்ந்து திரும்பும். ஏற்றமே இல்லாத தட்டை இறக்கையில் ரட்டரை மட்டும் வைத்தால் விமானம் கோணலாகச் சறுக்கிக்கொண்டு போகுமே தவிர ஒழுங்காகத் திரும்பாது.

முதல் விமானத்துக்கு மூன்று சேனல் என்பதுதான் என் தீர்ப்பு. இரண்டு சர்வோ போதும், இறக்கைக்குள் கம்பி ஓடாது, அதனால் இறக்கையை ரப்பர் பேண்டால் கட்டி வைக்கலாம். இடித்தால் இறக்கை கழன்று விழும், உடையாது. நான்கு சேனலில் தொடங்கி நன்றாகக் கற்றவர்களும் இருக்கிறார்கள், பக்கத்தில் பழகிய ஒருவர் நின்று சொல்லிக்கொடுத்தால் அதுவும் நடக்கும். தனியாகக் கற்பவருக்கு நான் சொல்ல மாட்டேன். ஐலரான் விமானம் சாய்த்த இடத்திலேயே பெரும்பாலும் நிற்கும், நிமிர்த்துவதும் நம் வேலை.

ஒரு சின்ன யோசனை: மூன்று சேனல் விமானத்தில் ரட்டர் சர்வோவின் கம்பியை, ரிமோட்டின் சிக்னலை விமானத்தில் வாங்கும் ரிசீவரில் ஐலரானுக்கு உள்ள இடத்தில் செருகுங்கள். பின்னால் ஐலரான் விமானத்துக்குப் போகும்போது திருப்புவதற்கு அதே கட்டைவிரல், அதே ஸ்டிக். பழக்கத்தை மாற்ற வேண்டியிருக்காது.

ப்ரொப்பல்லர் முன்னாலா பின்னாலா

இதில் அனுபவசாலிகளுக்குள்ளேயே இரண்டு கட்சி உண்டு. பின்னால் தள்ளும் வகையில் மூக்கு வெறும் நுரைதான், இடித்தால் நசுங்கும், மோட்டாருக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் கையால் எறியும்போது ப்ரொப்பல்லர் எறியும் கையைக் கடந்து போகிறது. விமானம் கையை விட்டுப் போன பிறகுதான் த்ராட்டிலைக் கொடுக்க வேண்டும், அந்த ஒரு நொடி விமானம் சறுக்குவதற்குப் போதிய லேசாகவும் இருக்க வேண்டும். முன்னால் இழுக்கும் வகையில் கட்டுமானம் எளிது, எடையைச் சமன் செய்வதும் எளிது, ப்ரொப்பல்லரின் காற்று நேராக வாலில் படுவதால் மெதுவான வேகத்திலும் ரட்டர் பேசும். தரையில் குத்தினால் ப்ரொப்பல்லர் உடையும், சில நேரம் மோட்டாரின் தண்டு வளையும்.

முன்னால் இழுக்கும் வகையைத்தான் நான் எடுப்பேன், ஒரு நிபந்தனையோடு. மோட்டார் தனி அட்டைப் பெட்டியில் பொருத்தப்பட்டு, அந்தப் பெட்டி இரண்டு மூங்கில் குச்சிகளால் மட்டும் உடலோடு கோக்கப்பட்டிருக்க வேண்டும். பலமாக இடித்தால் குச்சி ஒடியும், பெட்டி கழன்று வரும், மோட்டார் தப்பும். விமானம் முழுக்கப் பழுதானாலும் பெட்டியை அப்படியே உருவி அடுத்த விமானத்தில் செருகலாம். ஃபோம் போர்டு விமானங்களை வடிவமைக்கும் ஃப்ளைட் டெஸ்ட் என்னும் குழுவினரின் விமானங்களில் இந்த முறை பரவலாக உண்டு, பவர் பாட் என்று அதற்குப் பெயர்.

வரைபடத்துக்கு எங்கே போவது என்றால் அவர்களிடமிருந்தே தொடங்கலாம். இலவச வரைபடமும் கூடவே கட்டும் வீடியோவும் தருகிறார்கள். அவற்றில் டைனி டிரெய்னர் இந்தக் கட்டுரையின் நோக்கத்துக்கு மிகப் பொருத்தமானது: ஒரே உடலுக்கு இரண்டு இறக்கைகள், ஒன்று நுனி உயர்ந்த மூன்று சேனல் இறக்கை, மற்றது ஐலரானோடு கூடிய நான்கு சேனல் இறக்கை. முதலில் சாதுவான இறக்கையில் கற்று, கை பழகியதும் இறக்கையை மட்டும் மாற்றலாம். சுமாராக 94 செ.மீ. இறக்கை. ஓல்ட் ஃபோகி இன்னும் மெதுவானது, மூன்று சேனல், அடியில் குழிந்த இறக்கை, ஆனால் காற்றடித்தால் தடுமாறும். பின்னால் தள்ளும் வகைதான் வேண்டும் என்பவர்களுக்கு எக்ஸ்ப்ளோரர். மூன்றில் ஒன்றைச் சொல்லச் சொன்னால் முதலில் சொன்னதைச் சொல்வேன்.

மனம் ஆசைப்படும் விமானங்கள்

ஸ்பிட்ஃபயர் மாதிரிச் சண்டை விமானங்களை ஏன் தள்ளி வைக்கச் சொல்கிறேன்? அவற்றின் இறக்கை நுனியை நோக்கிக் குறுகிக்கொண்டே போகிறது. குறுகலான நுனி வேகம் குறையும்போது முதலில் ஸ்டால் ஆகும். இரண்டு நுனிகளும் ஒரே கணத்தில் ஸ்டால் ஆவதில்லை, ஒன்று முந்திக்கொள்ளும். அந்தப் பக்கம் இறக்கை சட்டென்று விழும், விமானம் புரண்டு கீழே போகும். என் முதல் விமானத்துக்கு நடந்தது அதேதான். நுனி வரை ஒரே அகலம் கொண்ட செவ்வக இறக்கையில், பொதுவாக உடலுக்கு அருகில் உள்ள பகுதிதான் முதலில் ஸ்டால் ஆகும். இறக்கை விழுவதற்குப் பதில் மூக்கு மெல்லத் தாழ்ந்து வேகம் திரும்பக் கிடைக்கும். படத்தில் சலிப்பாகத் தெரியும் அந்தச் செவ்வகத்தில்தான் இவ்வளவு நல்ல குணம் இருக்கிறது.

வாலில்லா இறக்கைகள் கட்டுவதற்கு மிக எளிது, அடியும் தாங்கும். ஆனால் புரள்வதில் வேகம், தானாக நிமிராது, மேலும் தூரத்தில் அது வருகிறதா போகிறதா என்று தெரியாது. இரண்டாவது அல்லது மூன்றாவது விமானமாகக் கட்டுங்கள். ஜெட் வடிவங்களுக்கும் இதே பதில்.

எடை மையம் என்னும் கோடு

வரைபடத்தில் இது குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்த வரைபடமே வேண்டாம். விமானத்தைத் தூக்கினால் எந்தப் புள்ளியில் சமமாக நிற்கிறதோ அதுதான் எடை மையம். சாதாரணச் செவ்வக இறக்கையில் அது முன்விளிம்பிலிருந்து அகலத்தின் 25 முதல் 30 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். 18 செ.மீ. அகலம் என்றால் 4.5-லிருந்து 5.4 செ.மீ. வரை. இறக்கையின் அடியில் இரு பக்கமும் அந்த இடத்தில் புள்ளி வைத்து, விரல் நுனிகளில் விமானத்தை நிறுத்திப் பாருங்கள். மூக்கு இம்மியளவு தாழ்ந்திருந்தால் முதல் பறப்புக்கு அதுவே நல்லது. மூக்கு கனத்த விமானம் மந்தமாக இருக்கும், கொஞ்சம் வேகமாகத் தரையிறங்கும், ஆனால் சொன்ன பேச்சைக் கேட்கும். வால் கனத்தது மூக்கைத் தூக்கும், ஸ்டால் ஆகும், திருத்தத் திருத்த இன்னும் ஆடும்.

ஆகவே பேட்டரியை முன்னும் பின்னும் நகர்த்த இடம் இருக்கும் நீளமான வயிற்றுப் பகுதி கொண்ட வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள். விமானத்தின் மிகக் கனமான ஒற்றைப் பொருள் பெரும்பாலும் பேட்டரிதான். அதை 2 செ.மீ. நகர்த்தினாலே சமநிலை மாறிவிடும், ஈயக்கட்டி ஒட்ட வேண்டியிருக்காது.

வாலையும் ஒரு பார்வை பாருங்கள். படுக்கை வாலின் பரப்பு இறக்கைப் பரப்பில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு இருந்து, இறக்கைக்கும் வாலுக்கும் இடையே நல்ல தூரமும் இருந்தால் விமானம் மேலும் கீழும் அலையாமல் போகும். குட்டையான உடலில் குட்டி வால் என்றால் விமானம் துள்ளும்.

மின்சாதனங்கள்

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் வரைபடத்தோடு பெரும்பாலும் பட்டியல் வரும், அதை அப்படியே பின்பற்றுவதே நல்லது. நம் உதாரண அளவு விமானத்துக்கு 2212 அளவில் 1000 கேவி மோட்டார் (2212 என்பது மோட்டாரின் உருவ அளவு, கேவி என்பது ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் அது சுற்றும் சுற்றுகள்), 30 ஆம்பியர் வேகக் கட்டுப்படுத்தி, 9 கிராம் சர்வோ இரண்டு, மூன்று செல் கொண்ட, 1300 எம்ஏஎச் கொள்ளளவுள்ள லைப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி பொருந்தும். ப்ரொப்பல்லரின் அளவு மோட்டாரோடு தரும் பரிந்துரைப்படி இருக்கட்டும். இழுவிசை விமானத்தின் எடைக்கு ஏறக்குறைய சமமாக இருந்தாலே தாராளம். பெரிய மோட்டார் போட்டால் பாதுகாப்பு என்ற எண்ணம் தவறு, எடையும் வேகமும்தான் கூடும்.

லைப்போ பேட்டரியின் ஒவ்வொரு செல்லும் முழுதாக ஏறினால் 4.2 வோல்ட். பறந்து இறங்கியபின் 3.5-க்குக் கீழே போயிருக்கக் கூடாது. பல நாள் வைத்திருப்பதென்றால் 3.8 வோல்ட் அளவில் வையுங்கள். அதற்கென்று உள்ள சார்ஜரில், பக்கத்தில் ஆள் இருக்கும்போது மட்டும் ஏற்றுங்கள். வீங்கியதைத் திரும்பப் பயன்படுத்தாதீர்கள். மேசையில் சோதனை செய்யும்போதெல்லாம் ப்ரொப்பல்லரைக் கழற்றி வைப்பதும் இதே கண்டிப்போடு செய்ய வேண்டியது.

முதல் விமானத்துக்குச் சக்கரம் வேண்டாம். எடை, இழுப்பு, போதாததற்குப் புல்லில் மாட்டிக் குப்புறக் கவிழ்க்கும். தரைக்கு ஓரடி உயரத்தில் த்ராட்டிலை மூடிவிட்டு வயிற்றால் புல்லில் வழுக்கி இறங்குவது நுரை விமானத்துக்கு இயல்பான இறக்கம்.

அச்சிடுவதற்கு முன்

வரைபடத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டீர்கள் என்றால், பக்கங்களை 100 சதவீத அளவில் அச்சிடுங்கள். தாளுக்குப் பொருத்து என்ற வசதி தெரியாமல் இயங்கினால் எல்லாம் சில சதவீதம் சுருங்கி, அட்டையைச் செருக வேண்டிய பிளவுகளில் அட்டை நுழையாது. முதல் பக்கத்தை மட்டும் அச்சிட்டு, அதில் உள்ள அளவுக் கோட்டை ஸ்கேலால் அளந்து பாருங்கள். உங்கள் அட்டையின் தடிமனையும் வரைபடம் எந்தத் தடிமனுக்கு வரையப்பட்டது என்பதையும் ஒப்பிடுங்கள். அரை மில்லிமீட்டர் வித்தியாசம் கூட மடிப்பு மூலைகளில் தெரியும்.

பசை விஷயத்தில் கவனம் தேவை. சூப்பர் க்ளூ எனப்படும் உடனடிப் பசைகளில் பெரும்பாலானவை பாலிஸ்டைரீன் நுரையைக் கரைத்துவிடும். ஸ்ப்ரே பெயின்ட்டும் நுரை வெளியே தெரியும் விளிம்புகளை அரிக்கும். க்ளூ கன்னில் வரும் சூடான பசைதான் இங்கே ராஜா, ஆனால் அதுவும் எடைதான். 11 மி.மீ. தடிமனில் 20 செ.மீ. நீளக் குச்சி ஒன்று ஏறக்குறைய 18 கிராம் இருக்கும். மூன்று குச்சியைத் தாராளமாக இழைத்தால் நம் உதாரண விமானத்தின் எடையில் எட்டில் ஒரு பங்கு பசையாகவே போய்விடும். மெல்லிய கோடாக இழுத்து, மேலே பிதுங்கியதை அட்டைத் துண்டால் வழித்துவிடுங்கள்.

மேல்பக்கமும் அடிப்பக்கமும் வேறு வேறு நிறத்தில் இருக்கட்டும். மேலே வெளிர் நிறம், அடியில் அடர்த்தியான பட்டைகள் என்று இருந்தால் தூரத்தில் சாய்வைக் கண் உடனே பிடிக்கும். விமானம் நம்மை நோக்கி வரும்போது இடமும் வலமும் மாறிவிட்டது போலத் தோன்றும். அப்போது எந்தப் பக்கம் இறக்கை தாழ்ந்து தெரிகிறதோ அந்தப் பக்கமே ஸ்டிக்கைத் தள்ளுங்கள், அது நிமிர்ந்துவிடும். இதைக் கணினியில் சிமுலேட்டரில் சில மணி நேரம் பழகிவிட்டுப் போனால் முதல் நாளே பெரிய வித்தியாசம் தெரியும்.

பறக்கவிடும் இடத்தின் சட்டத்தை முன்கூட்டியே பார்த்துவிடுங்கள். பல நாடுகளில் 250 கிராமுக்கு மேற்பட்ட விமானத்துக்குப் பதிவோ அனுமதியோ வேண்டும், உயரத்துக்கும் விமான நிலையத்தின் தூரத்துக்கும் வரம்பு உண்டு. ஆள் நடமாட்டம் இல்லாத பரந்த புல்வெளி, இலைகள் அசையாத காலை நேரம். பனி ஈரம் மட்டும் காயட்டும், நனைந்தால் காகிதம் நுரையை விட்டு உரிந்துவிடும்.

அப்புறம் ஒன்று. அச்சிட்ட காகிதத்தை நேரடியாக ஃபோம் போர்டில் ஒட்டி வெட்டாதீர்கள். முதலில் மெல்லிய அட்டையில் ஒட்டி வெட்டி, வார்ப்புகளாக வைத்துக்கொள்ளுங்கள். அவற்றைச் சுற்றிப் பேனாவால் கோடு போட்டு ஃபோம் போர்டை வெட்டலாம், எத்தனை முறை வேண்டுமானாலும். கத்தி கையில் இருக்கும் அதே மாலையில் இரண்டாவது செட் உடலையும் இறக்கையையும் வெட்டி, ஒட்டாமல் தட்டையாக ஓர் உறையில் போட்டு வையுங்கள். முதல் வாரத்திலேயே அது தேவைப்படும்.